அருமண் உலோகங்களைப் பிரித்துப் பின் கலப்பதேன்?

ரப்பர்ப் பட்டை ஒன்றை விரைவாக இழுத்து உதட்டில் வைத்தால் அது சற்றே சூடாயிருப்பதும், இழுத்தபடியே சிறிது நேரம் வைத்திருந்து தளரவிட்டால் குளிர்வதும் புலனாகும். காந்தப்புலத்தில் சில உலோகங்களும் இவ்வாறே நடந்துகொள்கின்றன. புலம் அணுக் காந்தங்களை வரிசைப்படுத்துகையில் உலோகம் சூடாகிறது. அச்சூட்டை அகற்றிய பின் புலத்தை நீக்கினால், அணுக் காந்தங்களின் ஒழுங்கு குலைந்து உலோகம் குளிர்கிறது. இம்முறையால் அமெரிக்க விஞ்ஞானிகளான ஜியோக்கும் மக்டூகலும் 1933-ல் தனிச்சுழிக்கு மேல் கால் டிகிரி அளவுக்கு உஷ்ணநிலையைத் தாழ்த்தினர்.

இப்பணிக்கு உகந்தவை அருமண் உலோகங்கள். ஆயினும் ஒவ்வொன்றும் தனக்குரிய உஷ்ணநிலையை ஒட்டியே சிறந்து விளங்கும். கடோலினியம் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸில் சிறக்கிறது. டெர்பியம், டிஸ்ப்ரோசியம் முதலியவை கடுங்குளிரில் சிறக்கின்றன. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்களை ஏறக்குறைய சம அளவில் சேர்த்து ஆக்கும் உயர் என்ட்ரோபிக் கலவைகள் இக்குறையை ஓரளவு நீக்குகின்றன. கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், ஹோல்மியம், எர்பியம் ஆகிய ஐந்தும் சேர்ந்த கலவை பரந்த உஷ்ண எல்லையில் பயன்தருவதை 2017-ல் வெளியான ஆய்வு காட்டிற்று. 5 டெஸ்லா புலத்தில் அதன் குளிர்ப்புத் திறன் கிலோகிராமுக்கு 627 ஜூல்.

அத்தகைய வன்புலத்தை இல்லக் குளிர்பெட்டியில் எதிர்பார்க்க இயலாது. இக்கலவைகளுக்குரிய இடம் ஹைட்ரஜனைத் திரவமாக்கும் ஆலையே எனலாம். ஹைட்ரஜன் திரவமாவது மைனஸ் 253 டிகிரியில். 2030-க்குள் ஆண்டுதோறும் 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் ஆக்க இந்தியா 2023-ல் திட்டமிட்டது. அதைத் திரவமாக்கிச் சேமிப்பதற்கு மிகுந்த மின்சாரம் செலவாகும். ஆதலின் இவ்வாராய்ச்சி நம் நாட்டிற்குப் புறம்பானதன்று.

எனினும் ஒரு வினா போதிய கவனம் பெறவில்லை. அருமண் தனிமங்கள் ஒன்றையொன்று மிகவும் ஒத்தவை. அவற்றைத் தனித்தனியே தூய்மையாகப் பிரிக்கக் கரைப்பான் முறையில் நூற்றுக்கணக்கான படிகள் தேவைப்படுகின்றன. அவ்வளவு பொருட்செலவில் பிரித்தவற்றை மீண்டும் ஒன்றாகக் கலப்பது முறையா? கனிமத்தில் சேர்ந்தே கிடக்கும் கன அருமண் தொகுதியை அரைகுறையாகப் பிரித்த அளவிலேயே உருக்கிப் பயன்படுத்த இயலுமா என்பதைச் சோதித்தறிய வேண்டும்.

இதற்குத் தடைகள் உண்டு. இட்ரியம் போன்ற காந்தத் தன்மையற்ற தனிமங்கள் மிகுந்தால் குளிர்ப்புத் திறன் குன்றும். தனிமங்களின் விகிதம் மாறினால் கலவை செயற்படும் உஷ்ணநிலையும் மாறும். சவறா, மணவாளக்குறிச்சி, சத்ரபூர் ஆகிய கடற்கரைகளின் மோனசைட்டில் சீரியம், லாந்தனம் போன்ற இலேசான வகைகளே மிகுதி. கன வகைகள் சொற்பம். அச்சொற்பத்தை வீணாக்காமல் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். 2025 ஏப்ரலில் சீனா கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம் ஆகியவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் இவ்வவசியத்தை உணர்த்தியது.

ஆதலின் புதுக் கலவையை ஆராய்வோர் அதன் குளிர்ப்புத் திறனோடு, மூலப்பொருள் எவ்வளவு தூய்மையாயிருத்தல் வேண்டும் என்பதையும் அளந்து கூறுதல் நலம். கனிம மணலைக் கையாளும் களப்பணியாளருக்கும், அதைப்பற்றி மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியருக்கும் அவ்வளவீடு பெரிதும் பயன்படும்.