பெண் பிள்ளையும் பீப்பீ ஊதட்டும்!

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு என்றால் "அம்மா, போரடிக்குது" என்ற பல்லவியும் ஆரம்பமாகிவிடும். கடையில் வாங்கித் தரும் ஊதல் ஒரு நாள் கூடத் தாங்காது. காசு செலவில்லாமல் பிள்ளைகள் தாங்களே செய்து ஊதும்படியான பீப்பீ இரண்டைச் சொல்கிறேன், சகோதரிகளே!

பூவரசம் பீப்பீ: பூவரசு உப்புக் காற்றைத் தாங்கும் மரம். எங்கள் விம்கோ நகர் மாதிரி கடலோர ஊர்களுக்கு ஏற்றது. முற்றாத பச்சை இலையாகப் பறியுங்கள். லாரிப் புழுதியும் ஆலைப் புகையும் படிந்திருக்கும் என்பதால் இரண்டு தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டு, பாய் சுருட்டுகிற மாதிரி ஓரத்திலிருந்து சுருட்டுங்கள். நடுவில் காற்றுப் போக வழி இருக்கட்டும். ஒரு முனையை விரலால் தட்டையாக அமுக்கி, அதை உதட்டில் வைத்து ஊதினால் 'பீ...' என்று கிளம்பும்.

காகித ஸ்ட்ரா பீப்பீ: பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதனால் காகித ஸ்ட்ராவே எடுங்கள். ஒரு முனையை 2 சென்டிமீட்டர் அளவுக்கு நன்றாக நசுக்கி, இரண்டு பக்க ஓரத்தையும் சாய்வாக வெட்டி, அம்பு முனை போல் ஆக்குங்கள். வெட்டிய பகுதி முழுதும் வாய்க்குள் இருக்கும்படி வைத்து, உதட்டால் லேசாக அழுத்தி ஊதவும். மறு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால் சுருதி ஏறும். எச்சிலில் ஊறிவிட்டால் புதிதாக ஒன்று செய்துகொள்ள வேண்டியதுதான்.

இரண்டு மெல்லிய தகடுகள் காற்றில் துடிப்பதால்தான் இந்தச் சத்தம். நாகஸ்வரத்தின் சீவாளிக்கும் இதே கதைதான். அது நாணல் தட்டையில் செய்வது. 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரமும் சீவாளி இல்லாமல் பாடாது.

சில எச்சரிக்கைகள்: ஆளுக்கொரு பீப்பீ, எச்சில் மாற்றக் கூடாது. வாயில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. கைக்குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். தலை சுற்றினாலோ, இருமல் வந்தாலோ நிறுத்திவிட வேண்டும். இளைப்பு உள்ள பிள்ளைக்கு டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பையன் ஊதினால் ரசிக்கிற வீட்டிலேயே, பெண் ஊதினால் "பொம்பளைப் பிள்ளைக்கு என்னடி ஊதல்?" என்று பிடுங்கிவிடுகிறோம். மதுரை பொன்னுத்தாய் நாகஸ்வரம் வாசித்துப் புகழ் பெற்றவர். காலீஷாபி மகபூப் தம் கணவரோடு சேர்ந்து வாசித்து, இருவரும் 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றார்கள். அன்று இவர்கள் கையிலிருந்து பிடுங்கியிருந்தால், நஷ்டம் யாருக்கு? இலை சுருட்டும்போது மகளுக்கும் ஒன்று சுருட்டிக் கொடுங்கள். காது வலித்தால் மொட்டை மாடிக்கு அனுப்புங்கள். வாயை மட்டும் அடைக்காதீர்கள்.