இல்லமும் விஞ்ஞானமும்: உப்பு நீர்க் குளத்தின் யந்திரம்

புணேயில் வசிக்கும் அன்பர் ஒருவர் இம்மாதம் நமக்கு ஒரு வினா விடுத்திருக்கிறார். அவர் குடியேறிய தனி வீட்டில் சிறு நீச்சல் குளம் ஒன்று உண்டு. "உப்பிலிருந்து யந்திரமே மருந்து செய்து கொள்ளும், குளோரினும் வேண்டாம், கவனிப்பும் வேண்டாம் என்றார்கள். நான்கே மாதங்களில் நீர் பச்சையாகிவிட்டது. யந்திரமோ உப்புக் குறைவு என்று காட்டுகிறது. இன்னும் இரண்டு மூட்டை கொட்டலாமா?" என்று கேட்கிறார்.

கொட்ட வேண்டாம். முதலில் நீரைத் தனியே சோதித்துப் பார்க்க வேண்டும்.

உப்பு நீர்க் குளத்தில் குளோரின் இல்லை என்பது தவறு. சோடியமும் குளோரினும் கூடியதே உப்பு. அது கரைந்த நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு தகட்டில் குளோரினும் மற்றொன்றில் ஹைட்ரஜன் வாயுவும் தோன்றும். அந்தக் குளோரின் கிருமிகளைக் கொன்றபின் பெரும்பாலும் மீண்டும் உப்பாகவே மாறும். நீர் ஆவியாகிப் போனாலும் உப்பு தங்கும். வடிகட்டியைக் கழுவுகையிலும், மழையில் குளம் வழிகையிலுமே அது குறைகிறது. ஆதலால் மும்பை அன்பர்கள் மழைக்காலம் முடிந்ததும் உப்பின் அளவைப் பார்ப்பது நலம்.

லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு போதும். கடல் நீரில் சுமார் 35 கிராம் உண்டு. 50,000 லிட்டர் கொண்ட குளத்துக்கு முதல் முறை ஏறத்தாழ 175 கிலோ ஆகும். அயோடின் கலவாத தூய உப்பாக இருத்தல் வேண்டும்.

அப்படியாயின் உப்புக் குறைவு என்று யந்திரம் ஏன் சொல்கிறது? தகடுகளில் சுண்ணம் படிந்திருக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இது சாதாரணம். படிவு மின்சாரத்தைத் தடுக்கவே, யந்திரம் உப்பில்லை என்று எண்ணிக்கொள்கிறது.

அதைவிட முக்கியமானது பி.எச். என்னும் அளவு. இவ்வகைக் குளங்களில் அது தானாகவே மேலேறும் இயல்புடையது. 7.5 இருக்கையில் நீரிலுள்ள குளோரினில் ஏறத்தாழப் பாதி, கிருமியைக் கொல்லும் வீரியமான வடிவில் இருக்கும். 8 ஆகிவிட்டால் கால் பங்குதான். சோதனைக் குப்பியில் குளோரின் போதியதாகத் தோன்றும். குளத்திலோ பாசி படரும். குழந்தைகள் குளிக்கும் நீரில் இந்த ஏமாற்றம் கூடாது. வாரம் இருமுறை சோதித்து 7.2க்கும் 7.6க்கும் இடையே நிறுத்துவதே பாதி பராமரிப்பு. வெயில் குளோரினை அழிக்கும்; அதைக் காக்கச் சயனூரிக் அமிலமும் அளவோடு வேண்டும்.

மாதம் ஒருமுறை மின்சாரத்தை அடியோடு நிறுத்திக் கலத்தைக் கழற்றிப் பாருங்கள். வெண்படிவு இருந்தால் மட்டும் கழுவுங்கள். தகடுகள் டைட்டானியத்தாலானவை, மேலே ருத்தேனியம் முதலிய அரிய உலோக ஆக்ஸைடுகளின் மெல்லிய பூச்சு உண்டு. கத்தியாலோ கம்பியாலோ சுரண்டினால் பூச்சு போய்விடும். பத்துப் பங்கு நீரில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்து, நுரை அடங்கும் வரை ஊறவைத்து அலசினால் போதும். அடிக்கடி அமிலத்தில் இடுவதும் தகட்டின் ஆயுளைக் குறைக்கும்.

இவ்வேலையை நம்மில் பலர் தோட்டக்காரரிடமோ காவலாளியிடமோ ஒப்படைத்துவிடுகிறோம். கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடாமல் அமிலப் புட்டியை மட்டும் நீட்டுவது நியாயமன்று. நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. திறந்த வெளியில் செய்ய வேண்டும். அமிலம் இருந்த வாளியில் ஒருபோதும் பிளீச்சிங் பவுடரைப் போடலாகாது. எழும் குளோரின் வாயு உயிரைக் குடிக்க வல்லது. இதை அவருக்குப் புரியும் மராத்தியிலோ இந்தியிலோ எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

நீரோட்டம் நின்றால் யந்திரத்தை நிறுத்தும் விசையையும் சோதியுங்கள். அது பழுதானால் மூடிய குழாயில் ஹைட்ரஜன் சேர்ந்து வெடிக்கக்கூடும்.

தில்லி அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: நீரின் உஷ்ணம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பல யந்திரங்கள் உற்பத்தியைக் குறைத்துவிடும், அல்லது நின்றுவிடும். ஜனவரியில் அதைப் பழுதென்று கருதி உப்புக் கொட்ட வேண்டாம்.