கரைக்குக் காசு உண்டு

கோயம்புத்தூருக்குக் கடற்கரை கிடையாது. அந்தக் குறையை உக்கடம் பெரியகுளத்துக் கரையிலும் வாலாங்குளத்திலும் தீர்த்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் பொரி, மாங்காய், சுண்டல், செல்ஃபி என்று எல்லாமே மெரினா கணக்கில் நடக்கிறது. குறிச்சிக் குளத்தில் தமிழ் எழுத்துகளையே உடம்பாகக் கொண்டு திருவள்ளுவர் நிற்கிறார். குறை சொல்ல மனசு வருவதில்லை. முன்பெல்லாம் இந்தக் கரைகளில் மூக்கைப் பொத்தாமல் நடக்க முடியாது.

இந்தக் கரைகளுக்கு வந்தது பெரும்பாலும் ஸ்மார்ட் சிட்டி பணம். 2015 ஜூனில் ஒன்றிய அரசு அந்தத் திட்டத்தைத் தொடங்கியது. 2016 ஜனவரியில் வெளியான முதல் 20 நகரங்களின் பட்டியலிலேயே கோவை இருந்தது. ஒரு நகரத்துக்கு ஒன்றியத்தின் பங்கு 500 கோடி ரூபாய், அதே அளவுக்கு மாநிலமும் மாநகராட்சியும் போட வேண்டும் என்பது ஏற்பாடு. பொதுப்பணித் துறையிடம் இருந்த எட்டுக் குளங்களை 2010-லேயே மாநகராட்சி 90 வருஷக் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் குளம் யாருடையது என்ற கடிதப் போக்குவரத்திலேயே பணம் திரும்பிப் போயிருக்கும்.

நடைபாதை, சைக்கிள் பாதை, விளக்கு, படகு எல்லாம் வந்துவிட்டன. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கொஞ்சம் கீழே பாருங்கள். சாக்கடை வந்து விழும் மூலையில் தண்ணீர் கறுத்து, மேலே நுரை கட்டியிருக்கும். அதற்கு அடுத்தாற்போல் ஆகாயத்தாமரை, கால் வைத்தால் தாங்கும் என்று நம்பவைக்கிற அளவுக்குத் தடிமனாக. மிஷின் வைத்து அள்ளுகிறார்கள். அள்ளி முடிப்பதற்குள் அடுத்த பக்கம் தழைத்துவிடுகிறது. சாக்கடைதானே அதற்கு உரம்? கூட நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், “கரைக்குத்தானுங்க காசு. தண்ணிக்கு யாருங்க குடுப்பாங்க?” என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வீடு கட்டக் கடன் கொடுக்கும் பேங்க், அதைக் கூட்டிப் பெருக்க ஆள் வைக்கக் கொடுக்காது. அரசுத் திட்டப் பணமும் அந்த ஜாதிதான். கட்டுவதற்கு வரும், கட்டியதை வருஷா வருஷம் காப்பதற்கு வராது. ஸ்மார்ட் சிட்டி திட்டமே 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகாயத்தாமரைக்கு அந்தத் தேதி தெரியாது.

நிஜக் கடற்கரையிலும் இதே கதைதான். புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். அந்தக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் குறுக்கே நின்றதும் தெற்கில் மணல் குவிந்தது, வடக்கில் நகரத்துக் கடற்கரை கரைந்தது. தெற்கில் சேரும் மணலை அள்ளி வடக்கே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஏற்பாட்டிலேயே இருந்தது. அது வருஷச் செலவு; ஒழுங்காக நடக்கவில்லை. கடைசியில் பாறாங்கல்லைக் கொட்டி ஊரைக் காப்பாற்றினார்கள். முப்பது வருஷம் கழித்து, சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில் பெரிய இரும்புத் தடுப்பை இறக்கிய பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பியது. ஒன்றிய புவி அறிவியல் அமைச்சகம் அதற்குப் பணம் கொடுத்தது. தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு இப்போது உலக வங்கி உதவியோடு நெய்தல் மீட்சி இயக்கம் நடக்கிறது. அதிலும் நான் முதலில் தேடுவது பராமரிப்புக்கான வரியைத்தான்.

நம் பக்கம் கிராமத்துக் குளங்களுக்கு வேறு வழிகளில் பணம் வருகிறது. 2017-இல் குடிமராமத்தை மறுபடி கொண்டுவந்து 100 கோடி ஒதுக்கியபோது, பாசன விவசாயிகள் 10 சதவீதம் போட வேண்டும், பணமாக இல்லாவிட்டால் உழைப்பாகவாவது என்றார்கள். பத்துக்கு ஒன்று போட்டவர் மதகைக் கவனிப்பார் என்ற கணக்கு எனக்குப் பிடிக்கும். பல இடங்களில் அந்த ஒன்றையும் கான்ட்ராக்டரே போட்டுவிட்டார் என்ற பேச்சும் உண்டு.

அத்திக்கடவு–அவினாசி இன்னும் பெரிய பரீட்சை. எங்கள் தாத்தா காலத்துக் கோரிக்கை. 1,900 கோடிக்கு மேல் செலவாகி, 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்தார்கள். காளிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டிப் போகும் பவானியின் உபரி நீர் 1,045 குளம் குட்டைகளுக்கு வர வேண்டும். அது தானாகவா வரும்? மேட்டுக்கு மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். மோட்டாருக்குக் கரண்ட் பில், குழாய்க்கு ரிப்பேர், வால்வைத் திருக ஆள் என்று செலவு வருஷா வருஷம் வரும். திறப்பு விழாவில் இதைப் பேச யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

சோழர் காலத்தில் ஏரிப்பட்டி என்று நிலத்தை ஒதுக்கி, அதன் வருமானத்தில் ஏரியைப் பராமரித்தார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தையே பேசுகிறது. நமக்கு ஒதுக்க நிலம் இல்லை. ஆனால் கரையில் வருமானம் இருக்கிறது. மீன் ஏலம், கடை வாடகை, பார்க்கிங், படகு எல்லாம் பொதுக் கஜானாவில் கலக்காமல் குளத்துக்கு ஒரு தனிக் கணக்கில் சேரட்டும். அதிலிருந்து முதல் செலவாகச் சாக்கடையைத் திருப்பட்டும், அடுத்து வாய்க்காலைத் தூர்வாரட்டும். வரவு செலவைக் கரையிலேயே ஒரு போர்டில் எழுதி வைக்கட்டும். தணிக்கைக்காரர்கள் தனிக் கணக்குக்கு விதியில்லை என்பார்கள். மாமன்றத்தில் தீர்மானம் போட்டால் விதி வரும். வரும் பட்ஜெட் கூட்டத்தில் வாலாங்குளத்துக்கு மட்டுமாவது இதை ஒரு கவுன்சிலர் எழுப்பட்டும், பார்ப்போம்.