துபாய் தூரமா, சென்னை தூரமா?

லப்பைக்குடிக்காட்டிலோ வி.களத்தூரிலோ நின்று, துபாய் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடப் பையன்கூட 'நாலு மணி நேரம்' என்பான். சபுர் சென்றவர்களின் ஊர்களில் தூரத்தைக் கிலோமீட்டரில் யார் அளக்கிறார்கள்?

பையன் சொல்வது சரிதான். திருச்சியிலிருந்து துபாய் வான்வழியே சுமார் 2,900 கி.மீ. நேரடி விமானம் நான்கு, நான்கரை மணி நேரத்தில் இறக்கிவிடும். (டிக்கெட்டில் போகும்போது மூன்று மணி நேரம் போலவும் திரும்பும்போது ஆறு மணி நேரம் போலவும் தெரியும். துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி பின்னால் இருப்பதுதான் காரணம். முதன்முறை செல்லும் இளைஞர்கள் குழம்ப வேண்டாம்.) நம் பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கு, சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம் ஆனது. 1985இல் 'எம்.வி. சிதம்பரம்' கப்பல் தீப்பிடித்ததோடு அந்த வழியும் முடிந்தது.

விஞ்ஞானம் தூரத்தைச் சுருக்கிவிட்டது. ஒப்பந்தங்கள்தான் அதை மீண்டும் நீட்டுகின்றன!

இரு நாடுகளுக்கிடையே எந்த நிறுவனம், எந்த ஊருக்கு, வாரத்தில் எத்தனை இருக்கைகளுடன் பறக்கலாம் என்பதை அரசுகள் செய்துகொள்ளும் ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. துபாய் நிறுவனங்களுக்கு வாரம் சுமார் 65,000 இருக்கைகள் வழங்கிய அந்த ஒப்பந்தத்தில் திருச்சியின் பெயர் இல்லை. சென்னையில் எமிரேட்ஸ் இறங்குகிறது; கோவைக்கு ஷார்ஜாவிலிருந்து ஏர் அரேபியா வருகிறது. துபாயிலிருந்து திருச்சிக்கோ இந்திய நிறுவனங்கள் மட்டுமே. ரூ.1,100 கோடிக்கு மேல் செலவிட்டு, 2024 ஜனவரியில் பிரதமர் திறந்துவைத்த புதிய முனையத்தின் நிலை இது. உள்நாட்டு நிறுவனங்களைக் காக்கவே இந்தக் கட்டுப்பாடு என்கிறார்கள். காக்கட்டும்! ஆனால் அவர்களாவது போதிய விமானங்களை விடவேண்டாமா?

போட்டியில்லாத இடத்தில் கட்டணம் யார் சொல்வதோ அதுதான். பெருநாள் விடுமுறையில் குடும்பத்தைப் பார்க்க வரும் கடைச் சிப்பந்திக்கு இதன் வலி தெரியும். சரக்கெடுக்கப் போய்வரும் வியாபாரிக்கும் தெரியும்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். வாப்பா வஃபாத்தான செய்தி ஃபஜ்ரு நேரத்தில் தேராவில் இருக்கும் மகனுக்குக் கிடைக்கிறது. அன்றைய திருச்சி விமானத்தில் இடமில்லை. சென்னைக்கு ஏறுகிறான். வான்வழி அதே நான்கு மணி நேரம்தான். இறங்கிய பின் பெரம்பலூருக்கு 250 கி.மீ.க்கு மேல் சாலை, ஏறக்குறைய ஐந்து மணி நேரம். திருச்சியில் இறங்கியிருந்தால் சுமார் 60 கி.மீ.தான். மய்யித்தை விரைந்து அடக்குவது நபிவழி. ஜமாஅத் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? கடல் கடந்தவன் கபுரடியில் நின்று துஆச் செய்கிறான்.

தரையிலும் குறை உண்டு. 1995இல் மாவட்டத் தலைநகரான பெரம்பலூருக்கு இன்னும் ரயில் இல்லை. அரியலூர்க்காரர்களுக்காவது விழுப்புரம்–திருச்சி ரயில் பாதை இருக்கிறது.

பெரம்பலூர் தொகுதிக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். அரியலூரும் குன்னமும் அடங்கிய சிதம்பரத்துக்கு ஒருவர். இருவரும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தில் இதை எழுப்ப வேண்டும். வெறும் வேண்டுகோள் கடிதம் அங்கே செல்லாது. ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் தம் ஊரில் வளைகுடாவில் இருப்போர் எத்தனை பேர், கடந்த ஆண்டு எந்த விமான நிலையம் வழியாக வந்தார்கள், என்ன கட்டணம் கொடுத்தார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து மனுவுடன் இணைக்கட்டும். அடுத்த ஜும்ஆவிற்குப் பின் நம் இளைஞர்கள் ஒரு நோட்டுடன் உட்கார்ந்தால் போதும், இன்ஷா அல்லாஹ் இரண்டே வாரத்தில் முடிகிற வேலை.