ஏழு நாள் வினாவும் பதினான்கு ஆண்டு விடையும்

சென்ற மாதம் பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில் காத்திருந்தபோது என்னிடம் ஒரு படிவத்தைத் தந்தார்கள். கடந்த ஏழு நாள்களில் தோல் என் வாழ்வை எவ்வளவு பாதித்தது என்று கேட்கும் பத்து வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், ஆக மொத்தம் 30. நான் பெற்றது 3. அந்த அளவையின்படி என் வாழ்வில் நோயின் தாக்கம் 'சிறிது'. மருத்துவர் மகிழ்ச்சியோடு தலையசைத்தார். நானும் தலையசைத்துவிட்டு வந்தேன். பேருந்தில் ஏறிய பிறகுதான் உறுத்தியது. ஒரு விடையிலும் நான் பொய் சொல்லவில்லை. ஆயினும் கூட்டுத்தொகை பொய்யாக இருந்தது.

எனக்கு வெண்புள்ளி. பதினான்கு வயதில் வலது முழங்கையில் தொடங்கியது. இருபத்தெட்டு வயதாகும் இப்போது இரு கைவிரல்களிலும் உதட்டோரத்திலும் இருக்கிறது. நேரில் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. எழுதுவதுதான் முதன்முறை. உடலின் நோயெதிர்ப்பாற்றல் தன் நிறமிச் செல்களையே அழிப்பதால் வருவது இது. தொற்றாது, வலிக்காது. உலக மக்களுள் 0.5 முதல் 2 விழுக்காட்டினருக்கு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

அந்தப் படிவத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. 1994இல் கார்டிஃப் நகரில் ஃபின்லே, கான் என்னும் இருவர் உருவாக்கிய அளவை அது. உலகெங்கும் பயன்படுகிறது. தோல்நோய் என்றால் வெறும் அழகுக்குறை என்று ஒதுக்கியவர்களிடம் ஓர் எண்ணைக் காட்டி வாதாட அது வழிசெய்தது. ஆனால் அதன் முதல் வினா அரிப்பையும் வலியையும் பற்றியது. எங்களுக்கு அங்கேயே 0. அடுத்து, உடைத் தேர்வைத் தோல் பாதித்ததா? இல்லை. என்னிடம் அரைக்கைச் சட்டையே கிடையாது, பிறகு தேர்வு எங்கிருந்து வரும்? விளையாட்டைத் தடுத்ததா? இல்லை. கைப்பந்தைப் பதினொன்றாம் வகுப்பிலேயே விட்டுவிட்டேன். 'எனக்குப் பொருந்தாது' என்றொரு கட்டமும் உண்டு. அதற்கும் 0. என் 3இல் 2 மதிப்பெண் மருத்துவத்தால் வரும் தொல்லைக்குரியது. 311 நானோமீட்டர் ஒளிக்கு முன் நிற்பது சில நிமிடங்களே. வாரம் இருமுறை அங்குப் போய்த் திரும்ப மூன்று மணி நேரம். அந்த 2ஐப் பெங்களூர்ப் போக்குவரத்தின் கணக்கில் எழுதுவதே நியாயம்.

'தடுத்ததா' என்று கேட்கும் வினா, செய்ய நினைத்த செயல் ஒன்று இருந்ததாக முன்பே கொண்டுவிடுகிறது. நினைப்பதையே நிறுத்திவிட்டவனிடம் அவ்வினா வழுக்கிப் போகிறது. நோயோடு பழகியவன் வாழ்வைச் சுருக்கிக்கொண்டே வருகிறான். சுருங்கி முடிந்த வாழ்வில் தடை என்று எதுவும் மிஞ்சுவதில்லை. அளவை அதை நலம் என்று பதிவு செய்கிறது.

என் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் செவிலியர் அதே வினாக்களைக் கன்னடத்தில் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் வினா வந்தது. 'நாச்சிகெ ஆகுத்தா?' அவர் சிரித்துவிட்டார். இந்த வயதில் என்ன நாச்சிகெ என்றார். 0. தமிழிலும் இதே இடர்ப்பாடுதான். வெட்கம் என்று பெயர்த்தால் தவறு செய்தவனின் உணர்வாகவோ மணப்பெண்ணின் உணர்வாகவோ ஆகிவிடுகிறது. கூச்சம் ஓரளவு பொருந்தும். ஆயினும் யாரோ பார்க்கிறார்கள் என்பதை இடைவிடாமல் அறிந்திருக்கும் அந்த நிலைக்கு ஒற்றைச் சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

அந்நிலை எப்படியிருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அல்சூர்ப் பகுதித் தமிழர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்வது என் ஆய்வுப்பணி. ஒரு வீட்டில் பாட்டி என் விரல்களைப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, கை வெந்துபோச்சா?" என்றார். "ஆமாம் பாட்டி" என்றேன். அதுவே சுருக்கமான விடை. சற்று நேரத்தில் காபி வந்தது. வீட்டாருக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்குக் காகிதக் கோப்பை. விருந்தாளி என்பதாலா? டம்ளர் போதவில்லையா? என் சாதி எதுவென்று தெரியாததாலா? விரல்களா? இருபது நிமிட ஒலிப்பதிவில் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. இந்தக் கணக்கைப் போடுவதுதான் என் அன்றாடம். விடை தெரியாத கணக்கு என்பதால் அது முடிவதுமில்லை. பத்து வினாக்களில் எதிலும் இதற்கு இடமில்லை.

வீட்டில் இதற்குப் பெயரே கிடையாது. அம்மா 'அது' என்பார். மீனும் தயிரும் ஒரே வேளையில் இலைக்கு வராமல் பார்த்துக்கொள்வார். அறிவியல் ஆதாரமில்லாத விலக்கு என்று தெரிந்தும் நான் மறுத்ததில்லை. ஊரார்க்கு ஒரு பெயர் இருந்தது, வெண்குஷ்டம். கே. உமாபதி முன்னின்று நடத்திவரும் வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம் அச்சொல்லுக்கு எதிராக நெடுங்காலம் போராடியது. தமிழக அரசும் வெண்புள்ளி என்னும் சொல்லை ஏற்றுக்கொண்டது. பெரிய வெற்றி அது. வடமொழி மருத்துவ நூல்களில் குஷ்டம் என்பது தோல்நோய்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். சரகர் அதில் 18 வகை சொல்லி, வெண்புள்ளியைச் சுவித்திரம் என்று தனியே பேசுகிறார். பொதுப்பெயர் பிற்காலத்தில் தொழுநோய்க்கே உரியதாகச் சுருங்கியபோது நாங்களும் அதற்குள் அகப்பட்டுக்கொண்டோம். பெங்களூருக்கு வந்த புதிதில் 'தொன்னு' என்னும் கன்னடச் சொல் எனக்கு ஆறுதலாக இருந்தது, அது இங்கே வசையாகவும் வழங்குவதை அறியும் வரை.

இதில் எனக்கொரு மனச்சங்கடமும் உண்டு. 'இது குஷ்டமன்று' என்று நான் விளக்கும் ஒவ்வொரு முறையும், குஷ்டமாக இருந்தால் விலகிப்போவது சரி என்று ஒப்புக்கொண்டவனாகிறேன். தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணங்களிலிருந்து நம் சட்டம் நீக்கியதே 2019இல்தான், குணப்படுத்தும் மருந்து வந்து பல பத்தாண்டுகள் கழித்து. என் விளக்கத்தின் செலவை யாரோ ஏற்கிறார்கள்.

பெயர் மாறிய பிறகும் இலக்கணம் மாறவில்லை. தமிழில் நோய் நமக்கு 'வரும்', பிறகு 'போகும்'. காய்ச்சல் வந்தது, போய்விட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் உறவினர் அன்போடு கேட்பது, "போயிடுச்சாப்பா?" என்றுதான். போகாமல் உடனிருக்கும் ஒன்றைப் பற்றி விசாரிக்க நம்மிடம் வழக்கான வாக்கியம் இல்லை. 'இன்னும் இருக்கு' என்னும் என் விடை, ஏதோ என் முயற்சி போதவில்லை என்பதுபோல ஒலிக்கிறது.

மேலைநாட்டு அளவைகளின் போதாமையை முதலில் கண்டவன் நானல்லன். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வெண்புள்ளிக்கென்றே 22 வினாக்கள் கொண்ட அளவையை உருவாக்கியிருக்கிறார்கள். தமிழிலும் கன்னடத்திலும் வினாநிரல் தயாரிக்கும் உளவியல், பொதுச்சுகாதாரத் துறை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: கடந்த ஏழு நாள்களில் எது தடைப்பட்டது என்பதோடு, எவற்றை விட்டுவிட்டீர்கள், எந்த வயதில் என்றும் கேளுங்கள். மொழிபெயர்ப்பில் உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

எனக்கு அடுத்த முறை 22ஆம் தேதி. படிவம் தந்தால் பத்து விடைகளையும் வழக்கம்போலவே எழுதிவிட்டு, பின்பக்கத்தில் கைப்பந்து, அரைக்கைச் சட்டை, அல்சூர்க் காபி என்று எழுதிக் கொடுக்க எண்ணியிருக்கிறேன்.