ஷோரூம் கண்டிஷன், ஸ்டார்ட் மட்டும் ஆகாது

"நாப்பது மணி நேரம்கூட ஓடாத வண்டி சார். அப்படியே ஷோரூம் கண்டிஷன்!"

போன வாரம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து எங்கள் அடுக்ககம் இருண்டு கிடந்த நேரத்தில், சங்கச் செயலாளர் பெருமையோடு சொன்ன வாசகம் இது. எதிரே 62.5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்ட பாட்டி கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஷோரூம் கண்டிஷனில் இருக்க வேண்டியது ஷோரூமிலேயே இருந்திருக்கலாமே என்று வாய்வரை வந்தது. பாட்டியை நினைத்து விழுங்கினேன்.

ஓடாத இயந்திரம் தேயாது, தேயாதது கெடாது என்று நம் ஊரில் ஒரு வேதவாக்கு உலவுகிறது. அதை ஓதுகிறவர்கள் ஒருமுறையாவது மைக் செட்காரரின் ஜெனரேட்டரைப் பார்த்திருக்கிறார்களா? குட்டியானையில் ஏற்றி வருவார். பெயின்ட் உரிந்திருக்கும், சைலன்சரில் கட்டுக்கம்பி சுற்றியிருக்கும், டேங்க் மூடி இருந்த இடத்தில் கந்தல் துணி. ஆடி முழுக்க அம்மன் கோயில் கூழ், அப்புறம் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தாலும், ஹேண்டில் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். நம்முடையதோ தார்ப்பாய்க்குள் பத்திரமாகக் கிடந்தே செத்துப்போகிறது.

எப்படிச் சாகிறது? முதலில் பேட்டரி. சார்ஜ் தானாகவே இறங்கும், தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும், டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். டேங்க் பாதி காலி என்றால் உட்சுவர் வியர்த்து அடியில் தண்ணீர் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து, சளி மாதிரி ஃபில்டரை அடைக்கும். ஆல்டர்னேட்டர் காயில்கள் ஈரத்தைக் குடிக்கும். ரொம்ப நாள் சுற்றாமல் கிடந்தால் அதில் மிச்சமிருக்கும் காந்த சக்தியும் போய்விடலாம். அப்போது இன்ஜின் ஜம்மென்று ஓடும், வோல்ட் மீட்டர் முள் மட்டும் அசையாது.

தனி வீட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்ததும் ஓடிப்போய் வாங்கிய சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்கள், அன்றைய பெட்ரோலோடு மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும், மிச்சம் காற்றுப்பட்டுப் பிசினாகும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பாக விரலில் ஒட்டும், பழைய வார்னிஷ் வாடை அடிக்கும். மெயின் ஜெட்டின் துளையே குண்டூசிக்கு இடம் கொடுக்காது. அதை அடைக்கத் துளிப் பிசின் போதும். இப்போது பங்கில் ஊற்றுவதோ 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரோடு பிரிந்து டேங்க் அடியில் தங்கும். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்ற பிறகு கம்பெனியைத் திட்டுகிறோம்.

எடுத்து வைக்கத்தான் வேண்டுமென்றால் அதற்கும் முறை இருக்கிறது. பெட்ரோல் காக்கை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, டேங்கையும் கிண்ணத்தையும் வடிக்க வேண்டும். ஆயிலை மாற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, நாலு இழுப்பு இழுத்துப் பிளக்கை மாட்டிவிட்டு, கயிறு இறுகும் இடத்தில் நிறுத்த வேண்டும். அங்கே வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. எல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேடுதான் உறை பிரிக்காமல் இருக்கிறது. அதுவும் ஷோரூம் கண்டிஷன்.

அரைகுறை ஞானிகள் ஒரு வகை உண்டு. "மாசம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் போட்டுப் பார்த்துடறோமே!" லோடு இல்லாமல் ஓடும் டீசல் இன்ஜின் சரியாகச் சூடேறாது, எரியாத எண்ணெயும் கரியும் சைலன்சரில் படியும். அமெரிக்காவில் வீடு போலவே குடியிருக்கும் வண்டிகளில் பொருத்தும் ஓனான் ஜெனரேட்டரின் கையேடு மாதம் இரண்டு மணி நேரம், பாதி லோடு என்கிறது. அவசர மின்சாரத்துக்கான அந்த நாட்டு என்எஃப்பிஏ 110 விதியோ டீசல் ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை 30 நிமிடம், குறைந்தது 30 சதவீத லோடில் ஓட்டச் சொல்கிறது. மைக் செட்காரர் இது எதையும் படித்ததில்லை. சீரியல் பல்பும் குழாய் ஸ்பீக்கரும் அவருக்கு அதைச் செய்து கொடுத்துவிடுகின்றன.

நம் அக்கறையெல்லாம் ஆயுத பூஜையன்று மட்டும் பொங்கி வழியும். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம்கூட வைப்போம், சக்கரமே இல்லாத ஜெனரேட்டருக்கும்! பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மட்டும் நாள் நட்சத்திரம் கூடிவராது. வராந்தாவில் தொங்கும் தீயணைப்பானின் முள் எப்போதோ சிவப்புக்குப் போய்விட்டது. அதைத் துடைக்க மட்டும் ஆள் உண்டு. ஷோகேஸில் பீங்கான் செட், விருந்தாளிக்கு எவர்சில்வர் தட்டு. சோபாவின் பாலிதீன் உறையைப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் உரிக்காத சமூகம் நாம். சங்கக் கூட்டத்தில் பெயர்ப் பலகைக்கு எல்இடி போட ஒரே நொடியில் கை தூக்குகிறார்கள். டெஸ்ட் ஓட்டத்துக்கு டீசல் என்றால் மட்டும் "எதுக்கு வீண் செலவு?"

வீண் செலவு எது? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் ஏற்றி அரை மணி நேரம் ஓட்டுவதா, லட்சக்கணக்கில் வாங்கிய இரும்பைத் தார்ப்பாய் போட்டு மூடிவைப்பதா? ஓட்ட மனசில்லாத சங்கங்கள் பேசாமல் விற்றுவிடலாம். மைக் செட்காரர் வாங்கிக்கொள்வார். விலை பேசும்போது நாற்பது மணி நேரம்தான் ஓடியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் தொழில் தெரிந்தவர், விலையைக் குறைத்துவிடுவார்.