கடலில்லா நாமக்கல்லின் கடல் கணக்கு

நாமக்கல்லுக்குக் கடல் இல்லை; ஆனால், கோழித்தீவனத்தின் வழியாகக் கடல் அங்கு வந்து சேர்கிறது. விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கும் விலைபோகாத பொடிமீன்களைக் கடற்கரையில் ‘சங்காயம்’ என்பார்கள். முன்பெல்லாம் பெரும்பாலும் கடலிலேயே கொட்டப்பட்ட அது, உலர்த்தினால் புரதத் தீவனம் என்றானபின் விலை பெற்றுவிட்டது. வளர்ந்தால் சந்தைக்கு வந்திருக்க வேண்டிய மீன்களின் குஞ்சுகளும் அதில் அடக்கம்.

மீன்கள் இனம் பெருக்கட்டும் என்றுதான் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகளைக் கட்டிப்போடுகிறோம். தடை நீங்கியதும் அந்தக் குஞ்சுகளையே வாரிவந்தால் அந்த 61 நாள் பட்டினிக்கு என்ன பொருள்?

இழுவலை மடியின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தமிழக விதி. சங்காயத்துக்கு வாங்குவோர் இருக்கும்வரை, துறைமுகச் சோதனையால் மட்டும் அவ்விதி நிற்காது என்பதே என் கருத்து. கேரளம் 2015-இல் மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் வகுத்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர். தமிழகமும் அவ்வாறு வகுத்து, பிடிப்பவரோடு வாங்கும் தீவன ஆலையையும் அதற்குப் பொறுப்பாக்க வேண்டும்.

பண்ணையாளரைப் பழிப்பது என் நோக்கமன்று. சோயாப் புண்ணாக்கு விலையேறினால் மலிவான புரதத்தை அவர் தேடத்தான் செய்வார். ஆகவே, மீன்வளத் துறையோடு கால்நடைத் துறையும் அமர்ந்து பேச வேண்டிய விவகாரம் இது.